பாடம் வடிவமைக்கும் வேலை: நம் பட்டதாரிப் பிள்ளைகள் அறிய வேண்டிய துறை



கள்ளக்குறிச்சியில் ஒரு ஜுமுஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நம்மை ஒரு தகப்பனார் ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு பி.எட்.டும் முடிச்சிருக்கு. சென்னையில ஒரு கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து, இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் வேலைக்கு எழுதிப் போடட்டுமா அத்தான்னு கேட்குது. வீட்டுல யாருக்கும் அது என்ன வேலைன்னே தெரியல. டிசைன்னா படம் வரையிறதா? அதுக்குப் படம் வரையத் தெரியாதே" என்றார்.

அன்று நாம் அவரிடம் நின்றபடியே நாலு வார்த்தைதான் சொல்ல முடிந்தது. வீட்டில் மகனோ மகளோ கலைப் பட்டம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. மருத்துவம், பொறியியல், அரசுத் தேர்வு, அரபு நாடு ஆகிய நான்குக்கும் வெளியே ஒரு வேலையைச் சொன்னால் நமக்கு உடனே சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே அவருக்குச் சொல்ல விட்டுப்போனதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

வேலை இதுதான்

படம் வரைவது இந்த வேலை அல்ல. கணினிக்கு நிரல் எழுதுவதும் அல்ல. ஒருவர் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அவர் இப்போது எங்கே நிற்கிறார், முடிவில் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், இடையில் எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் அவர் என்ன செய்து பார்க்க வேண்டும், அவருக்குப் பிடிபட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்கிறவரே பாட வடிவமைப்பாளர். நிறுவனங்களில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் என்று சொல்வது இவரைத்தான். அந்தப் பாடத்தைக் கணினியிலோ கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகள் எல்லாம் சேர்ந்தது கல்வித் தொழில்நுட்பம்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாற்பது வருடம் உளி பிடித்த ஒரு சிற்பியிடம் போய், "இந்த மடிப்பை எப்படிச் செதுக்குகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "கை தானாப் போகும் பாய்" என்பார். பொய் சொல்லவில்லை. கை பழகியவருக்குப் படிகள் மறந்துவிடும். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் ஒரு கணம் பார்ப்பதை அவரே கவனித்திருக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "இப்போது ஏன் உளியைத் திருப்பினீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு எழுதி, புதிதாக வரும் பையனுக்கு முதல் வாரம் எதைக் கொடுப்பது, எந்தத் தவறை எதிர்பார்ப்பது என்று ஒழுங்குபடுத்துகிறாரே, அதுதான் இந்த வேலை. நிறுவனத்தில் அந்தச் சிற்பியின் இடத்தில் ஒரு வங்கி அதிகாரியோ மருத்துவமனைத் தாதியோ மென்பொருள் பொறியாளரோ இருப்பார். துறை வல்லுநர் அவர். அவருக்கு விஷயம் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. வடிவமைப்பாளருக்கு விஷயம் தெரியாது, கேட்கத் தெரியும்.

இந்தத் தொழிலின் பிறப்பு இரண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்க ராணுவப் பயிற்சியில் இருக்கிறது. லட்சக்கணக்கான ஆட்களைக் குறைந்த நாளில் பழக்க வேண்டியிருந்தது. அதில் ஈடுபட்ட ராபர்ட் காக்னே போன்ற உளவியலாளர்கள் பின்னாளில் இதை ஒரு கல்வித் துறையாகவே வளர்த்தார்கள். 1956-ல் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் கற்றலின் நோக்கங்களை நினைவுகூர்தல் தொடங்கிப் படிப்படியாக அடுக்கினார்கள். பி.எட். படித்தவர்கள் இதை மனப்பாடமே செய்திருப்பார்கள். 1975-ல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கப் படைகளுக்காக உருவான நடைமுறையிலிருந்து வந்ததுதான், இன்றும் எல்லா நேர்முகத் தேர்விலும் கேட்கப்படும் ஆடி முறை. ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்ற ஐந்து கட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது.

மலையில் பார்த்தது

இவ்வளவு சொன்னதும் இது ஏதோ அமெரிக்கச் சரக்கு என்று தோன்றலாம். நம் மாநிலத்திலேயே, அதுவும் காகித அட்டையில், மிகப் பெரிய அளவில் இது நடந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏற வேண்டும்.

கரியாலூர், வெள்ளிமலை என்று மேலே போகப் போக ஊர்கள் சிறுத்துக்கொண்டே வரும். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சாலையும் பள்ளியும் சமவெளிக்கு வந்து பல காலம் கழித்துத்தான் அங்கே ஏறின. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மக்களின் நிலையை விசாரிக்க வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையடுத்தே அந்த விசாரணை வந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது.

இப்படிப்பட்ட மலைக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்பு, ஆசிரியர் ஒருவர் அல்லது இருவர். இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது நாலாம் வகுப்பு சும்மா இருக்கும். பெற்றோர் வேலைக்கு வெளியூர் போனால் பிள்ளையும் கூடப் போய்விடும், மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். அந்தப் பிள்ளை எழுந்து நின்று விழிக்கும், பிறகு பள்ளிக்கே வராது. ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை அன்பால் மட்டும் சரிசெய்ய முடியாது. பாடத்தின் அமைப்பே மாற வேண்டும்.

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியைச் சுற்றியுள்ள குக்கிராமங்களிலும் இதே பிரச்சினை. அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் பாடப் புத்தகத்தைப் பிரித்து நூற்றுக்கணக்கான அட்டைகளாக்கினார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள். பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08 வாக்கில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றலாக அது விரிந்தது. அட்டைகளை எழுதியவர்கள் நம் அரசுப் பள்ளி ஆசிரியர்களே.

அந்த வகுப்பறையில் பாடம் ஒரு ஏணி. ஏணியில் மைல்கற்கள். ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படச் சின்னம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் உதவியோடு படிப்பவர்கள் ஒரு குழு, சக மாணவர் உதவியோடு படிப்பவர்கள் ஒரு குழு, தானே படிப்பவர்கள் ஒரு குழு என்று பாயில் வட்டமாக உட்காருவார்கள். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரோரம் கரும்பலகை, தலைக்கு மேல் அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் இருப்பது அங்கே குறையாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து வரும் பிள்ளை விட்ட அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும், வகுப்பு அவனை விட்டுவிட்டுப் போயிருக்காது.

இதில் ஒரு கணினிகூட இல்லை. ஆனால் இன்று கோடிக்கணக்கில் விற்கும் கற்றல் செயலிகள் பெருமையாகச் சொல்லும் அவரவர் வேகத்தில் கற்றல், உடனுக்குடன் மதிப்பீடு, விட்ட இடத்தில் தொடர்தல் மூன்றும் அந்த அட்டைத் தட்டில் இருந்தன. குறையும் இருந்தது. ஆசிரியருக்குப் பயிற்சி சரியாகச் சேராத இடத்தில் அட்டை எடுப்பதும் வைப்பதும் சடங்காகிவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். எவ்வளவு நல்ல வடிவமைப்பும் அதைக் கையாளும் மனிதரைத் தாண்டிப் போகாது.

பிறகு கொரோனா வந்தது. பள்ளிகள் மூடின. 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது பெரிதும் கைகொடுத்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்டிருந்த க்யூஆர் கோடு வழியாக தீக்ஷா தளத்துக் காணொலிகளும் இருந்தன. ஆனால் சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டிய ஊரில் க்யூஆர் கோடு வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, வேறு வழியில் யோசித்தது. ஊரிலுள்ள படித்த ஒருவர், அதிலும் பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித்தருவது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்.

அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மூடியதால் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை, அக்கம்பக்கத்து அக்காவும் ஒரு பயிற்சித் தாளும்தான்.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே சிந்தனையில் நிற்கிறது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காக மூன்றாம் வகுப்புப் பாடத்தை அவன் தலையில் கொட்டாமல், முதலில் சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல் கொடுப்பது. அந்தப் பயிற்சி நூலின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு பாட வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது. சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து செய்த வேலை அது.

நம் ஓதல் பள்ளியில்

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹிஃப்ழு ஓதும் பிள்ளை தினமும் மூன்று வகையாக ஓதிக் காட்டுகிறான். அன்றைய புதுப் பாடம் சபக். சமீபத்தில் ஓதியவை சபகீ. முன்பே முடித்த ஜுஸ்உக்களைச் சுழற்சியில் திரும்ப ஓதுவது மன்ஸில். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தால்தான் மனதில் நிற்கும் என்று உளவியல் ஆய்வுக் கூடங்கள் சோதித்துச் சொல்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உஸ்தாதுகள் கையாண்ட ஏற்பாடு இது. சபக் நன்றாக இருக்கிறதே என்று மன்ஸிலை விட்டவன் கதி என்னவாகும் என்பதை எந்த ஹாஃபிழிடமும் கேட்கலாம்.

நம் தவறையும் சொல்லிவிடுவது நேர்மை. ஊரடங்கில் மக்தப் பிள்ளைகளுக்காக நாம் கைப்பேசியில் பாடம் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். நன்றாகத்தான் பேசியிருக்கிறோம் என்று நமக்கே ஒரு திருப்தி. இரண்டு வாரம் கழித்து ஒரு சிறுமியிடம், "பார்த்தியாம்மா?" என்று கேட்டோம். "பார்த்தேன் ஹஜ்ரத். அம்மா சமையல் முடிக்கிற வரைக்கும் போன் என்கிட்டதான் இருக்கும். நீங்க துஆ ஓதி முடிச்சு முன்னுரை பேசுற வரைக்கும் பார்த்தேன்" என்றாள். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பின்னர்தான் படித்தோம். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை காணொலி பார்க்கப்பட்டதை 2014-ல் ஃபிலிப் குவோவும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து, ஆறு நிமிடத்துக்குள் முடியும் காணொலிகளைத்தான் மாணவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு ஐந்து நிமிடம், ஒரு மக்ரஜ், முடிவில் "இதை நீ ஓதிக் குரல் பதிவு அனுப்பு" என்று மாற்றினோம். பதிவுகள் வரத் தொடங்கின. வாட்ஸ்அப் அதே வாட்ஸ்அப்தான். பாடம் மாறியது.

யாருக்குப் பொருந்தும்

அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். மொழி நன்றாகக் கைவந்தவர்கள், எதையும் எளிமையாக விளக்கப் பிரியப்படுபவர்கள், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர்கள் இதற்கு ஏற்றவர்கள். பி.ஏ. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பி.எஸ்.சி. உளவியல், பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் எல்லாம் நல்ல அடித்தளம். ஆலிம் ஸனதுடன் அஃப்ஸலுல் உலமாவோ பி.ஏ.வோ முடித்தவர்களை நாம் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். அரபு உலகில் இந்தத் துறை பெரிதாக வளர்ந்திருக்கிறது. 2018 அக்டோபரில் துபாயில் தொடங்கிய இணையக் கல்வித் தளத்தின் பெயரே மத்ரஸா. அறிவியல், கணிதப் பாடங்களில் 5,000 காணொலிகளை அரபிக்குக் கொண்டுவந்தார்கள். 2020-ல் சவூதி கல்வி அமைச்சகம் மத்ரஸதீ தளத்தைத் தொடங்கியது. அரபியும் ஆங்கிலமும் படிக்க எழுதத் தெரிந்து, பாடம் வடிவமைக்கவும் தெரிந்த ஒருவரை, கடை விற்பனையாளர் விசாவில் அனுப்பிவைப்பது நமக்கு வருத்தமாக இருக்கிறது.

வேலை இடங்கள் மூன்று விதம். முதலாவது, நிறுவனங்களுக்குப் பயிற்சிப் பாடம் தயாரித்துத் தரும் இ-லேர்னிங் கம்பெனிகள். சென்னை, பெங்களூரு, மும்பை, புனேயில் இவை உண்டு. மும்பையின் டாடா இன்டராக்டிவ் சிஸ்டம்ஸ் 1990-லேயே இத்தொழிலைத் தொடங்கி, 2018-ல் எம்பிஎஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இரண்டாவது, பெரிய மென்பொருள், வங்கி, மருத்துவமனை நிறுவனங்களின் சொந்தப் பயிற்சிப் பிரிவுகள். மூன்றாவது, பள்ளிக் கல்வி சார்ந்த பதிப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள், செயலி நிறுவனங்கள். அரசுப் பக்கம் இதற்கென்று நேரடித் தேர்வு தேட வேண்டாம். ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, பாடநூல் குழு, கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி போன்றவற்றின் பக்கம் போவதுதான் அங்கே வழக்கம்.

அலுவலகத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்? பெரும்பகுதி எழுத்து. ஸ்டோரிபோர்டு என்று ஒரு அட்டவணை இருக்கும். திரையில் என்ன தெரிய வேண்டும், பின்னணிக் குரல் என்ன சொல்ல வேண்டும், கற்பவர் எதைத் தொட வேண்டும், தவறாகத் தொட்டால் என்ன பதில் வர வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதுவது. துறை வல்லுநர் திருத்துவார். படம் வரைபவர் வேறு, ஸ்டோரிலைன் போன்ற மென்பொருளில் அதைக் கட்டுபவர் வேறு, அதை நிறுவனத்தின் கற்றல் தளத்தில் ஏற்றுபவர் வேறு. சின்னக் கம்பெனியானால் நாலும் ஒருவர் தலையில் விழும். கெடு நாள் நெருங்கும்போது இரவு வேலை உண்டு, வல்லுநர் கடைசி நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதும் உண்டு. பெண்களுக்கு ஒரு வசதி, அனுபவம் வந்த பிறகு வீட்டிலிருந்து செய்யும் வாய்ப்பு இந்த வேலையில் அதிகம். முதல் ஓரிரு வருடம் குழுவோடு உட்கார்ந்து கற்பதே நல்லது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வேலை நிற்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கொடுத்த விஷயத்தைச் சுருக்கிப் பத்துக் கேள்வி எழுதும் வேலையை இயந்திரம் இப்போதே செய்கிறது. அதை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர் வெளியே வர நேரும். வெள்ளிமலைப் பிள்ளைக்கு லிஃப்ட் படம் போட்டு எதிர்ம எண் சொல்லித்தந்தால் புரியாது, கடுக்காய் பொறுக்கி விற்ற கணக்கைச் சொன்னால் புரியும் என்பது, அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

எங்கே படிப்பது

இதற்கென்று ஒரு குறிப்பிட்ட பட்டம் கட்டாயமில்லை. படிக்க விரும்புகிறவர்களுக்கு வழிகள் உண்டு. மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறை இருக்கிறது, பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயாராக உள்ள குடும்பங்கள் அதை விசாரிக்கலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் கல்வித் தொழில்நுட்பத் துறை உண்டு. பெங்களூரு அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்விப் படிப்பு நல்லது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். ஆராய்ச்சி வரை போக நினைப்பவர்களுக்கு மும்பை ஐஐடியில் கல்வித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம். வீட்டிலிருந்தே படிக்க, இக்னோவின் கல்வித் தொழில்நுட்ப முதுநிலைப் பட்டயத்தைப் பார்க்கலாம்.

அதற்கும் முன்னால், ஒரு பைசா செலவில்லாமல் ஸ்வயம் தளத்தில் கற்பித்தல், மதிப்பீடு, இணையப் பாட வடிவமைப்பு சார்ந்த பாடங்களைப் பார்த்துவிடுங்கள். தேர்வெழுதிச் சான்று வாங்கத்தான் கட்டணம். மென்பொருளில் மூடுல், எச்ஃபைவ்பி இரண்டும் இலவசம். மூடுல் 2002-லிருந்து உலகெங்கும் கல்லூரிகளில் ஓடுகிறது. அதில் ஒரு பாடத்தை நீங்களே ஏற்றிப் பழகினால் நேர்முகத் தேர்வில் சொல்ல ஒன்று இருக்கும்.

பணம் கேட்பவர்களிடம் கவனம் தேவை. "மூன்று மாதத்தில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர், வேலை உறுதி" என்று சொல்லி லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, கட்ட முடியாவிட்டால் அங்கேயே ஒரு நிதி நிறுவனத்தின் தவணைக் கடனில் கையெழுத்து வாங்கும் இடங்கள் உண்டு. படிப்புக்குப் பணம் கட்டுகிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிற தகப்பனார் உண்மையில் வட்டிக் கடன் பத்திரத்தில் போடுகிறார். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். பெரிய பெயர் என்பதும் பாதுகாப்பல்ல. ஒரு கட்டத்தில் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனதை நாடே பார்த்தது.

நம் பிள்ளைகள் உள்ளே போன பிறகு வரும் ஒரு கேள்வியையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். வாடிக்கையாளர் ஒரு வங்கியாக இருந்து, வட்டிக் கடனை எப்படி விற்பது என்று ஊழியர்களுக்குப் பாடம் தயாரிக்கச் சொன்னால்? வட்டியை எழுதித் தருபவரும் அதில் பங்காளி என்ற எச்சரிக்கை நமக்குத் தெரியும். மருத்துவமனைப் பாதுகாப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு, மென்பொருள் பயன்பாடு, பள்ளிப் பாடம் என்று எவ்வளவோ வேலை இருக்கும்போது, சேரும்போதே எந்தத் துறை வாடிக்கையாளர்கள் என்று கேட்டு, மேலாளரிடம் மரியாதையாகச் சொல்லி வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்கும். சங்கடமானால் உங்கள் ஊர் ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

முதல் படி

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழை விட அதிகம் கேட்கப்படுவது மாதிரிப் பாடம். "நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள்" என்பார்கள். அதை இன்றே தொடங்கலாம். உங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளைப் பிடியுங்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை, பின்னக் கூட்டலோ, ரயில் டிக்கெட் படிவம் நிரப்புவதோ, தஜ்வீதின் ஒரு சட்டமோ, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐந்து கேள்வி கேட்டு எங்கே நிற்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். "இந்தப் பாடம் முடிந்ததும் இவன் இதைச் செய்வான்" என்று ஒரே வரி எழுதுங்கள். "புரிந்துகொள்வான்" என்று எழுதாதீர்கள், புரிந்ததை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. பிறகு பாடத்தை எழுதி, நடத்தி, அதே ஐந்து கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். எது வரவில்லையோ அந்த இடத்தை மாற்றி மறுபடி நடத்துங்கள். முதல் எழுத்தும் மாற்றிய எழுத்தும் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். எங்கே தவறினோம், எப்படிச் சரிசெய்தோம் என்று காட்டுகிறவரைத் தேர்வாளர் மறக்க மாட்டார். வீட்டில் கணினி இல்லையென்றால் முதல் பிரதியைத் தாளில் செய்யுங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதென்றால், அதைச் சேர்த்துப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்குவது வீணாகாது.

அந்தத் தகப்பனாரின் மகள் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர் என்பது பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. "அதெல்லாம் வேலையா ஹஜ்ரத், சும்மா தெருப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்துச்சு" என்றார். அப்போது பிள்ளைகளுக்குச் சொந்தமாக எழுதிய பயிற்சித் தாள்கள் இருக்கிறதா என்று கேட்டோம். பரண் மேல் ஒரு பையில் கிடக்கிறதாம். அடுத்த வாரம் அந்தப் பையை எடுத்து வந்தார். பென்சிலில் எழுதி, ரப்பரால் அழித்து, மேலே திருத்தி எழுதிய தாள்கள். அதில் நான்கைத் தேர்ந்தெடுத்து, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, அதற்காக எதை மாற்றினார் என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இக்னோவில் சேர்க்கை ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். எழுதிப் போட்ட வேலை வந்தாலும் வராவிட்டாலும் அதில் சேர்ந்துவிடு என்றும் அந்த மகளுக்குச் சொல்லி அனுப்பினோம்.